தோட்டாவின் கழுத்து

"நாமளே மருந்து அடைக்கிற தோட்டாவுக்குக் கழுத்தை நல்லா இறுக்கணும்டா, பேமானி! இல்லாங்காட்டி பெரிய ரைபிள் ஒதைக்கிற ஒதையில, அடுத்த தோட்டாவோட குண்டு அதோட பித்தளைக் கூட்டுக்குள்ளயே பூந்துக்கும், அப்பால துப்பாக்கி சிக்கிக்கும். காட்டெருமைக்கு எதிர்ல நின்னு சுட்டவனுக்குத்தான் அது தெரியும்."

முகநூல் வேட்டைக்காரர் குழுவில் இதைப் போட்டதும் தேசப்பனுக்கு மீசை துடித்தது. எதிராளி 'ஆப்பிரிக்கா ரிச்சர்ட்' காலையிலிருந்து, "ஏழு யானை சுட்டுக்கிறேன், ஒரு தோட்டாவைக்கூட இறுக்குனதில்ல" என்று பீற்றிக்கொண்டிருந்தான்.

"கஸ்மாலம்! தீவாளித் துப்பாக்கிகூடப் புடிச்சிருக்க மாட்டான்" என்று காறித் துப்பினான் தேசப்பன்.

"யோவ், கிராக்கி வந்து நிக்குது பாரு!" என்று கத்தினாள் மனைவி கஸ்தூரி.

திருவொற்றியூர் கடற்கரையில், அவர்களுடைய பலூன் சுடும் கடைமுன் ஓர் ஒல்லி ஆசாமி, துப்பாக்கியைத் தொடலாமா வேண்டாமா என்று நின்றிருந்தான்.

"அண்ணே, சுட்டா தோள்ல ரொம்ப ஒதைக்குமா?"

"பலூன் சுடுறதுக்கு இன்னா நைனா பயம்? கொயந்தைங்கோ சுடுது!" என்று துப்பாக்கியை அவன் கையில் கொடுத்துவிட்டு, தேசப்பன் போனில் ரிச்சர்டுக்கு இன்னொன்று அனுப்பினான்: "நீ துப்பாக்கியக் கண்ணால பாத்துக்கிறியாடா?"

ஒல்லி ஆசாமியின் சட்டைப்பை 'டிங்' என்றது. போனைப் பார்த்தவன் முகம் சிவந்து, துப்பாக்கியை வைத்துவிட்டு விறுவிறுவென்று எதையோ தட்டினான்.

தேசப்பனின் போன் 'டிங்' என்றது.

"யானைத் துப்பாக்கி ஒதையைத் தாங்குன தோள்டா இது!"

தேசப்பன் எதிரே நின்ற அந்த ஒல்லித் தோளை ஒருமுறை பார்த்தான். பிறகு, இருப்பதிலேயே பெரிய பலூனாக எடுத்து, தன் முகம் மறையும்வரை ஊத ஆரம்பித்தான்.