பத்து மணிக்கு முட்டை எண்ணுகிறவள்

எங்கள் தொடக்கப்பள்ளியில் கரும்பலகைக்கு மேலே அரசாங்கம் மாட்டியிருக்கும் கேமராக் கண் தினமும் பத்து மணிக்கு விழிக்கும். வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் அதன் முன்னால் நாலு வரி வாசிக்க வேண்டும். அது போடும் மதிப்பெண்களின் சராசரி மூன்று நாள் தொடர்ந்து நாற்பதுக்குக் கீழே போனால் பள்ளியை மூடிவிடுவார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியைப் போன மாசியில் அப்படித்தான் மூடினார்கள்.

தலைமையாசிரியை, ஆசிரியை எல்லாம் இங்கே நான் ஒருத்திதான். மூன்றாம் வகுப்பு மகிழினிக்கு எழுத்துக் கூட்டவே வராது. அதனால் பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அவளைச் சத்துணவுக் கூடத்துக்கு அனுப்பிவிடுவேன்.

"முட்டை எத்தனை வந்திருக்குன்னு எண்ணிட்டு வாம்மா."

வகுப்பில் இல்லாதவர்களைக் கண் சேர்த்துக்கொள்வதில்லை. இரண்டு வருடமாக நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று தப்பித்து வருகிறோம். மத்தியானம் அவளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். கண் கேட்கும் படிவங்களை நிரப்பவே மத்தியானம் போய்விடுகிறது.

இந்த ஜூனில் அவள் தங்கை இசையரசி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். முதல் நாள், புதுப் பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பத்தடிக்கச் சற்று முன்பு, நான் சொல்லாமலே மகிழினி எழுந்து தங்கையின் கையைப் பிடித்தாள்.

"அவள எங்க கூட்டிட்டுப் போற?"

"முட்டை எண்ணத்தான் டீச்சர். இவளுக்கும் படிக்க வராது. உள்ள இருந்தா ஸ்கூல மூடிருவாங்கல்ல?"

இசையரசிக்கு நான் இன்னும் ஓர் எழுத்துகூடச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

கண் விழிக்க மூன்று நிமிடம் இருந்தது. போகச் சொல்லித் தலையாட்டினேன்.