திரை அணைந்த பிறகு

“கையை உள்ள வைங்க சார். அந்தக்கா வெச்ச அதே இடத்துல” என்றாள் அவள்.

அந்தத் தொழிற்சாலைக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்த கம்பெனியில் அவளுக்கு மேலே இருக்கும் டீம் லீடர் அவளை முறைத்தார். அவருக்கு முன்னால் அட்டைப்பெட்டி ஒட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அரை நிமிடத்துக்கு ஒருமுறை இரும்புப் பலகை டமாரென்று இறங்கி அழுத்தும். மீதி நேரம் ஒன்றுமறியாத அப்பாவி மாதிரி மேலே நிற்கும்.

போன வாரம் ஷிப்ட் முடிந்ததும், அதை ஓட்டும் மிஷின்கார அக்கா எப்போதும்போலக் கணினியை அணைத்தார். திரை இருண்டால் இயந்திரம் நின்றுவிட்டது, பலகையின் அடியிலிருக்கும் பசையைத் துடைக்கலாம் என்பது அவருக்குப் பதினோரு வருடப் பழக்கம். துடைத்தார். பலகை இறங்கியது. இரண்டு விரல்கள் நசுங்கின.

‘இயக்குபவரின் கவனக்குறைவு’ என்று அறிக்கை அடித்துக்கொண்டு வந்திருந்தார் டீம் லீடர். கீழே அவர் கையெழுத்து இருந்தது. பக்கத்தில், சோதித்துப் பார்த்தவள் என்று அவளுடையதும் விழுந்துவிட்டால் அக்காவுக்கு வேலை போய்விடும். அக்கா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

“உங்க வீட்டுலயே கையெழுத்துப் போடத் தெரிஞ்ச முதல் ஆள் நீதானாமே? அந்த ஒரு வேலையையாவது ஒழுங்காச் செய்” என்றார் டீம் லீடர், எல்லார் காதிலும் விழும்படி.

“எங்கப்பா கைநாட்டுதான் சார். ஆனா யாராவது படிச்சுக் காட்டாம எந்தக் காகிதத்துலயும் வைக்க மாட்டாரு.”

“திமிரு!”

“ஆமா சார். டிகிரியோட சேர்த்துக் குடுத்தாங்க.”

தொழிற்சாலை முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. “சண்டையை உங்க ஆபீஸ்ல போய் வெச்சுக்கங்க. எனக்கு ஒரே கேள்விதான். தப்பு மிஷின் மேலயா, அந்தம்மா மேலயா?”

“கம்ப்யூட்டர் சொல்றதை மிஷினுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது சீரியல் போர்ட் டிரைவர்ங்கிற புரோகிராம். அது நான் எழுதினது சார்” என்று டீம் லீடர் நெஞ்சை நிமிர்த்தினார். “அணைச்சா ‘நில்லு’ன்னு கட்டளை போகும், மிஷின் நிக்கும். அணையறதுக்கு எட்டு செகண்ட் ஆகுதுன்னு நீங்கதானே குறைப்பட்டீங்க? போன மாசம் ஒரே செகண்டா ஆக்கிக் குடுத்தேன். டிரைவர்ல ஒரு குறையும் கிடையாது.”

“அப்ப கையை வைக்க என்ன பயம்?” என்றாள் அவள்.

முதலாளி தாடையைச் சொறிந்தார். “பொண்ணு கேக்கறது நியாயம்தானே? வைங்களேன்.”

டீம் லீடர் சட்டைக் கையை மடித்துவிட்டார். மடித்ததையே திரும்பவும் மடித்தார். பலகை ஒருமுறை இறங்கி மேலே ஏறியதும், அவள் கணினியை அணைக்கும் பொத்தானைச் சொடுக்கினாள்.

திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. “இதென்ன, இன்னிக்கு மறுபடி இழுக்குது?” என்று முதலாளி சலித்துக்கொண்டார். டீம் லீடர் காதில் அது ஏறவில்லை. அவர் கண் பலகையை விட்டு நகரவே இல்லை.

திரை இருண்டது.

“வைங்க சார்.”

அவர் கை பலகைக்கு ஒரு சாண் தூரம் வரை போனது. நெருப்பைத் தொட்டவர் மாதிரி வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“பைத்தியமாடி உனக்கு? கை போயிடும்! கட்டளையெல்லாம் போய்ச் சேர்ற வரைக்கும் காத்திருக்கிற புரோகிராம் வரியைத்தான் நான் தூக்கிட்டேனே! பின்ன அந்த எட்டு செகண்டை எப்படிக் குறைக்கிறதாம்? சில நேரம் போர்ட் முன்னாடியே மூடிக்கும், ‘நில்லு’ வெளிய போகாம உள்ளயே செத்துக் கிடக்கும்!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. முதலாளி மேசையிலிருந்த அறிக்கையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்டூலில் இருந்த அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

அவள் துணியை எடுத்தாள். பலகைக்கு அடியில் வலது கையை விட்டுப் பசையைத் துடைக்கத் தொடங்கினாள்.

“ஐயோ, வேணாம் கண்ணு! எடு கையை!” என்று அக்கா அலறினார். முதலாளி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

அரை நிமிடம் ஆனது. ஒரு நிமிடமும் ஆனது. பலகை மேலேயே நின்றது.

அவள் மூலையெல்லாம் துடைத்துவிட்டுத்தான் கையை வெளியே எடுத்தாள். துணியை உதறி மடித்து அக்காவிடம் கொடுத்துவிட்டு டீம் லீடர் பக்கம் திரும்பினாள்.

“டிரைவரை நேத்தே சரி பண்ணிட்டேன் சார். உங்க அறிக்கைதான் பாக்கி இருந்துச்சு.”