மூத்தாளுக்கு ஒரு கயிறு

ஐந்தாவது கடையை விட்டு வெளியே வந்தபோதும் வீட்டுக்காரருக்குக் கால் வலிக்கவில்லை.

நர்ஸம்மா அடுத்து என்ன சாக்குச் சொல்லலாம் என்று யோசிக்க ஆரம்பித்தாள்.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் ஒரு துணிக்கடைக்குள்கூட முழுசாக நுழையாத மனிதர். வாசலிலேயே நின்று கடிகாரம் பார்ப்பார். இன்றைக்கு என்னவென்றால், பொத்தான் கடையில் கூடவே நின்று நிறம் பொருத்திப் பார்த்தார். குடைக் கடையில் ஏழு குடைகளை விரித்துக் காட்டச் சொன்னார். பொம்மைக் கடையில், சாவி கொடுத்தால் ஓடுகிற எலியோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பைகளையும் அவரே சுமந்தார்.

எல்லாம் அவர் சட்டைப்பையில் இருந்த பத்திரிகைத் துண்டு செய்த வேலை. இந்த நகரத்துக்கு வந்தால் தவறவிடக் கூடாத ஆறு இடங்களாம். முதல் ஐந்தும் கடைகள். ஆறாவது, பழைய வீட்டுச் சாமான் மியூசியம். ஆறையும் பார்க்காமல் ஊருக்குக் கிளம்புவதில்லை என்று காலையில் லாட்ஜில் காபி குடிக்கும்போதே சொல்லிவிட்டார்.

அந்த ஆறாவது இடத்துக்குள் மட்டும் அவர் கால் வைத்துவிடக் கூடாது.

அதற்காகத்தான் நர்ஸம்மா ஒவ்வொரு கடையிலும் ஒரு மணி நேரம் இழுத்தடித்தாள். ஒற்றைப் பொத்தானுக்காக இருபது டப்பாக்களைத் திறக்க வைத்தாள். கடைப்பெண் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

மியூசியத்தில் அவருடைய மேசை ஃபேன் இருந்தது. கொடுத்தவள் நர்ஸம்மா.

முதல் சம்பளத்தில் அவர் வாங்கிய ஃபேன் அது. இவளுக்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்துவிட்டதால் அதற்கு மூத்தாள் என்று பெயர் வைத்திருந்தாள். மூத்தாள் சுழன்றால் பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். விடிவதற்குள் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவள், அந்தக் கடகடப்பில் இருபத்தாறு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருந்தாள். இரண்டு தடவை பழைய சாமான்காரரிடம் போட்டாள். இரண்டு தடவையும் மனிதர் மோப்பம் பிடித்துப் போய், சண்டை போட்டு, தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

நாலு மாதத்துக்கு முன்னால், மியூசியத்துக்குப் பழைய சாமான்கள் வேண்டும் என்று ஒரு விளம்பரம் பார்த்தாள். தம்பியின் வேனில் மூத்தாளை ஏற்றி அனுப்பிவிட்டு, ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து தூக்கம் என்றால் தூக்கம், அப்படி ஒரு தூக்கம்.

இப்போது பார்த்துவிட்டாரானால் முடிந்தது கதை. இங்கேயும் ஒரு சண்டை, மறுபடியும் தோளில் மூத்தாள்.

மியூசியம் வாசலில் தலை வலிக்கிறது என்றாள். உள்ளே ஏசி இருக்கும், சரியாகிவிடும் என்றார். மூடுகிற நேரமாகிவிட்டது என்றாள். இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது என்று டிக்கெட் வாங்கினார்.

இரண்டாவது அறையின் நடுவில், ஒரு மேடையின் மேல், நாலு பக்கமும் சிவப்புக் கயிறு கட்டி மூத்தாளை ராணி மாதிரி நிறுத்தியிருந்தார்கள். அடித்தட்டில் அவர் பெயின்ட்டால் எழுதியிருந்த தேதியை நர்ஸம்மா முன்பே சுரண்டி எடுத்திருந்தாள். அந்த ஒரு தைரியத்தில்தான் நின்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். ஒரு சுற்று வந்தார்.

"நம்ம ஃபேன் மாதிரியே இல்ல?"

"எல்லா ஃபேனும் இப்படித்தாங்க இருக்கும்" என்றாள்.

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையில் இருந்ததைப் படித்தார். கொடுத்தவர்: பெயர் வெளியிட விரும்பாத அன்பர். இன்னொரு தடவை, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தார். அப்புறம் உச்சுக் கொட்டினார்.

"இப்படி ஒரு பொருளத் தூக்கிக் குடுத்துட்டு, இவங்களுக்கெல்லாம் ராத்திரி எப்படித்தான் தூக்கம் வருதோ?"

அதுதானே என்று நர்ஸம்மாவும் தலையை ஆட்டிவைத்தாள்.

நம் வீட்டு ஃபேன் இதைவிட எவ்வளவோ மேல் என்றார் அவர். ரிப்பேர் முடிந்து வந்ததும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே, அவள் தலைமாட்டில் வைத்துவிடலாம் என்றார். வைக்கலாங்க, பேஷாக வைக்கலாம் என்றாள். அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்பது அப்போது உறுதியாகிவிட்டது.

அப்பாடா! நர்ஸம்மாவுக்கு அந்த இடத்திலேயே ஒரு குதி குதிக்க வேண்டும்போல் இருந்தது. இத்தனை வருஷம் துடைத்துத் துடைத்து வைத்த பொருளை ஒரு முழத் தூரத்தில் வைத்துக்கொண்டு, யாருடையது என்று தெரியாமல் நிற்கிறாரே! பாவம், வெளியே போனதும் நல்லதாக ஒரு சட்டை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்து வந்தார். வந்து, கயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"சார், நேத்து மாதிரி கயித்தத் தாண்டிப் போய் அதைத் தடவிக்கிட்டு நிக்காதீங்க. எனக்குத்தான் திட்டு விழுது."

நேற்றுக் காலை முடிவெட்டிக்கொண்டு வருகிறேன் என்று தனியாகப் போன மனிதர், இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முடிகூடக் குறையாமல் திரும்பி வந்தது நர்ஸம்மாவுக்கு இப்போதுதான் உறைத்தது.

திரும்பிப் பார்த்தாள். அவர் அடுத்த மேசையில் இருந்த இஸ்திரிப் பெட்டியை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.