கடைசித் தாள்

நூறாண்டுக்கு முந்தைய அமெரிக்க நாவலாசிரியை ஒருவரின் கதைகளைப் பற்றி ஆறு வருடம் ஆய்வு செய்திருந்தாள் செந்தாமரை. கணவனை விட்டு மனைவி பனியில் இறங்கி நடப்பதோடு அவருடைய முக்கிய நாவல் முடிகிறது என்பதே அவள் ஆய்வேட்டின் உயிர்.

வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் ரெஜினா அந்த நாவலின் தன் பிரதியைத் திறந்தார். “இன்னும் ஒரு பக்கம் இருக்கேம்மா. அவ திரும்பி வந்து கதவைத் தட்டுறா.”

செந்தாமரை படித்த நூலகப் பிரதியில் அந்தத் தாளே கிடையாது. கிழிந்த அடையாளம்கூட இல்லை. அந்த நாவலைப் படித்து முடித்த வாரம்தான் அவளும் மகளைத் தூக்கிக்கொண்டு புகுந்த வீட்டை விட்டு வெளியேறினாள்.

“முடிவுரையை மாத்திடுறீங்களா?” என்றார் ரெஜினா.

அந்தப் பக்கத்தை அவள் இரண்டு முறை வாசித்தாள்.

“அவ திரும்பிட்டதா எழுதிடுறேன் மேடம்.” பிரதியை மூடி அவரிடம் நீட்டினாள். “ஆனா நான் திரும்பல.”