மணிக்குள் ஒரு பெயர்

அவள் குனிந்து, கப்பல் மணியின் உள்ளே விரலை ஓட்டினாள்.

வெயிலில் தொங்கிய வெண்கலம் காய்ச்சல் நெற்றிபோல் சுட்டது.

உள்விளிம்பில் பெயர்கள். எல்லாம் இங்கிலீஷில். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"இதுதான் அக்கா, பிலோமினா எண்டிருக்கு," என்று கப்பலின் சமையல்காரர் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார்.

கப்பலில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு இந்த மணியைத் தலைகீழாகப் பிடித்து, தண்ணீர் ஊற்றி, ஞானஸ்நானம் கொடுப்பார்கள். பிறகு பெயரை உள்ளே பொறித்துவிடுவார்கள். வெள்ளைக்காரக் கடற்படையின் வழக்கம் அது.

மணியைத் துலக்குவது சமையல்காரரின் பொறுப்பு. முன்பு அந்த வேலையில் இருந்த அவள் புருஷன்தான் துலக்கினான். போர் வந்ததும் இந்தச் சின்னப் போர்க்கப்பல் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகக் கடலிலேயே கிடந்தது. திருகோணமலையில் பிள்ளை காய்ச்சலில் இறந்தது அவனுக்குத் தெரியாது. கரைக்கு வரும்வரை அந்தப் பெயரைத் தினமும் துலக்கிக்கொண்டிருந்தான், பாவம்.

இப்போது அவனும் இல்லை. பிள்ளையைப் புதைத்த இடத்தின்மேல் எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பாதை போட்டுவிட்டார்கள்.

மகள் என்று மிச்சம் இருப்பது இந்தப் பெயர் ஒன்றுதான்.

நாளை கப்பல் புறப்படுகிறது. உடைப்பதற்கு. மணியையும் உருக்கிவிடுவார்களாம்.

கெஞ்சிப் பார்த்தாள். தர முடியாது, பார்த்துவிட்டுப் போகலாம் என்றார் அதிகாரி.

மணிக்குப் பின்னால் ஒரு பெரிய பலகை. கப்பல் போன சண்டைகளெல்லாம் அதில் தங்க எழுத்தில் மின்னின. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சமையல்காரர் கப்பலுக்குப் புதியவர். நல்ல மனிதர். தெரியாமல்தான் கேட்டார்.

"மகள் இப்ப எங்க அக்கா?"

"பள்ளிக்கூடத்தில." வாய் தானாகச் சொல்லிவிட்டது. "கெட்டிக்காரி."

"நாளைக்கு ஒருநாள் பள்ளிக்கூடம் போகாமல் மறிச்சுப்போட்டுக் கூட்டிக்கொண்டு வாங்கோ. கப்பல் வெளிக்கிடேக்க அவவுக்கெண்டு ஒருக்கா மணி அடிக்கிறன்."

அவள் தலையாட்டினாள்.

காலையில் துறைமுகத்தில் நல்ல கூட்டம். கப்பல் மெல்ல விலகியது.

சமையல்காரர் மணிக்கயிற்றைப் பிடித்தபடி கரையெல்லாம் தேடினார். அவளைக் கண்டதும் சிரித்தார். பிறகு அவளுக்குப் பக்கத்தில் தேடினார்.

அத்தனை நெரிசலிலும் அவள் கொஞ்சம் நகர்ந்து, ஒரு சிறுமி நிற்குமளவுக்கு இடம் விட்டாள்.

அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தொப்பியைக் கழற்றினார். பிறகு மணியை அடித்தார்.