இரண்டு கரண்டி சமையல் சோடா

"உள்ள உன் பொண்டாட்டி உசுரு இழுத்துக்கிட்டுக் கிடக்கு. நீ இங்க தண்ணிக்கு வைத்தியம் பார்த்துட்டு இருக்கியா?"

ஊரிலிருந்து வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அதற்குள் தம்பியைப் பிடித்துக்கொண்டாள் அக்கா.

கொல்லைப்புறத்துச் சின்னக் குளத்தோரம் முதுகைக் காட்டிக் குந்தியிருந்த தம்பி திரும்பவே இல்லை. விரல் தண்டிக்கு இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் குளத்துத் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டுக்கொண்டிருந்தான்.

"தினமும் இதை அவகிட்டக் காட்டணும்க்கா. நிறத்தைப் பார்த்து, தண்ணியில என்ன கலக்கணும்னு சொல்லுவா. அவ வளர்த்த மீனாச்சே."

"பெரிய மீனு! டாக்டர் கைவிரிச்சுட்டார்னு போன்ல நீதானே சொன்னே? அவ பக்கத்துல உட்காருவியா, இந்தப் பாசியைக் கட்டிக்கிட்டு மாரடிப்பியா?"

"மெதுவாக்கா! டாக்டர் சொன்னது அவளுக்குத் தெரியாது."

அக்கா குளத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள்.

"எங்கேடா மீனு?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆஸ்பத்திரியிலேருந்து அவளைக் கூட்டிட்டு வந்த அன்னிக்கு, இதுல பைப்பைத் திறந்துவிட்டுட்டு மறந்துட்டேன். குளோரின் தண்ணி. விடிஞ்சு பார்த்தா அத்தனையும் மிதக்குது. ரெண்டு மாசமாச்சு. அவகிட்டச் சொல்லிடாதக்கா."

இவனைப் போயா திட்டினோம் என்றிருந்தது அக்காவுக்கு. குப்பிகளைத் தானே வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

தம்பி மனைவி பாதி உடம்பாகிக் கட்டிலில் கிடந்தாள். குப்பிகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"ரெண்டு கரண்டி சமையல் சோடா கரைச்சு ஊத்தச் சொல்லுங்க அண்ணி. மெதுவா ஊத்தணும். அவசரப்பட்டா மீனுக்கு ஆகாது."

அக்கா ஜன்னல் வழியாகச் சொன்னாள். வெளியே வாளியை எடுக்கும் சத்தம் கேட்டது.

"மீனெல்லாம் கொழுகொழுன்னு இருக்கும்மா" என்று அக்காவும் தன் பங்குக்கு ஒரு பொய்யைச் சேர்த்தாள்.

"உங்களையும் கூட்டு சேர்த்துட்டாரா?" தம்பி மனைவிக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. "மீன் இருந்தா அதோட கழிவுக்கு இந்தக் குப்பி எப்பவோ சிவந்திருக்கணும் அண்ணி. ரெண்டு மாசமா மஞ்சளாவே வருது."

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "பின்ன எதுக்கும்மா அவனைத் தினம் அங்க அனுப்புறே?"

"டாக்டர் சொன்னதை என்கிட்ட மறைச்சுக்கிட்டு, நாள் பூரா என் முன்னால சிரிச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கார். பாவம், அழறதுக்கு அவருக்கு ஒரு இடம் வேணாமா அண்ணி?"