நாலாவது படி

“கேட்டைத் திறந்துட்டேன்டா. சத்தம் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. இன்னொரு தடவை திற.”

“உன்னோட பெரிய ரோதனையாப் போச்சு” என்று முனகியபடி ஒட்டகம் மறுபடி திறந்தார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு புலவர் கண்களை மூடிக்கொண்டார்.

ஒட்டகம், புலவர் இரண்டுமே கல்லூரி விடுதியில் விழுந்த பெயர்கள். ஒருவர் வாசற்படியில் குனிந்து நுழைகிற உயரம். இன்னொருவர் அடுத்தவன் காதலுக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்தவர். பிற்பாடு வெளிநாட்டுக்கும் இருவரும் ஒரே விமானத்தில்தான் போனார்கள். அதில் ஒருவர், போதும் என்று எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு இரண்டு வருடங்களுக்கு முன் ஊர் திரும்பிவிட்டார். மற்றவர் திரும்பவில்லை.

புலவரிடம் வீட்டை வாங்கியவர் நாளைக்கு அதை இடிக்கப் போகிறார். அந்தச் செய்தி வந்ததிலிருந்து புலவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. “ஒரே ஒரு தடவை உள்ள போயிட்டு வாடா” என்று கெஞ்சி, நண்பரை அனுப்பிவைத்திருந்தார்.

“உள்ள வந்துட்டேன். வேலையாளுங்க வர்றதுக்குள்ள வெளிய வந்துடணுமாம்.”

“என்னடா இருக்கு?”

“என்ன இருக்கும்? கதவு, ஜன்னல் எல்லாத்தையும் கழட்டிட்டாங்க. சமையல்கட்டுச் சுவத்துல உன் பொண்டாட்டி ஒட்டின பூப்போட்ட தாள் மட்டும் அப்படியே இருக்கு.”

போனுக்கு வெளியேயும் கேட்ட அந்தக் குரலுக்கு, பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மனைவியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு எதுவும் கேட்காதவள் போல மறுபடி உரிக்கத் தொடங்கினாள்.

“மாடிக்கு ஏறு. நாலாவது படியில நல்லா அழுத்திக் கால் வை.”

கிரீச்!

புலவர் கண்களைத் திறந்தார். “மருந்துக்கடையை அடைச்சுட்டு வந்தேன்னா, பாப்பா முழிச்சுக்கும்னு அந்த ஒரு படியைத் தாண்டித் தாண்டித்தான்டா ஏறுவேன்.”

“ஒரு ஆணியடிச்சுச் சரி பண்ணியிருக்கலாமே, புலவரே!”

“நாளைக்குப் பாத்துக்கலாம், நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்.”

“விக்கிறப்பவே தலையால அடிச்சுக்கிட்டேன். வாடகைக்கு விட்டுட்டுப் போடான்னேன். நீ காதுலயே வாங்கல.”

“புத்தி இல்ல. போற வேகத்துல எதுவுமே வேணாம்னு தோணிச்சு.”

மறுமுனையில் ஒட்டகம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார் போலிருந்தது. மூச்சு வாங்கியது.

“நீ அங்க இருந்துக்கிட்டு இதுக்கு ஏங்குற. நான் இங்க இருந்துக்கிட்டு அதுக்கு ஏங்குறேன். நம்ம ரெண்டு பேர்ல யாருடா பெரிய முட்டாள்?”

“சந்தேகமென்ன, நான்தான். இங்க என்னடா இருக்கு எனக்கு? லிப்ட்ல ஏறினா ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கறதில்ல. அப்படியே பேசினாலும் ஒரே கேள்விதான். ‘எப்ப வந்தீங்க, எப்பத் திரும்பிப் போறீங்க?’ விருந்துக்கு வந்தவன் மாதிரியே இருக்கேன்.”

“போகப் போகச் சரியாயிடும்.”

“நீயும் இதையேதான் சொல்லிக்கிட்டிருக்க.”

ஒட்டகம் இறங்கி வெளியே வந்தார். “பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா நிக்கறாங்க. உன்னைத்தான் விசாரிக்கறாங்க. எப்ப வருவேன்னு கேக்கறாங்க. என்ன சொல்ல?”

“வீடே இல்லன்னா எங்கடா வர்றது?”

போனில் ஒரு பஸ் கடந்து போகிற சத்தம் மட்டும் கேட்டது. புலவருக்கு அந்த பஸ்ஸின் நம்பர்கூடத் தெரியும்.

“எதையாவது எடுத்து வைக்கட்டுமா?” என்றார் ஒட்டகம்.

“வாசல்ல நம்பர் தகடு இருக்கா பாரு.”

“இருக்கு. கழட்டிக்கிறேன். அந்தப் பக்கம் வர்றப்பக் கொண்டாறேன். ஆமா, எங்க மாட்டுவ?”

புலவர் எதிரே பார்த்தார். வழவழப்பான வெள்ளைச் சுவர். ஆணி அடிக்கவே கூடாது என்று குடியிருப்புச் சங்கம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தது.

“தெரியலடா” என்றார். அதற்கு மேல் பேச முடியாமல் போனை வைத்துவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

மனைவி பட்டாணித் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதட்டத்தான் வாயைத் திறந்தாள். குரல் உடைந்துவிட்டது.

“முப்பத்தோரு வருஷம் அந்த வெளிநாட்டு வீட்டுல உக்காந்துக்கிட்டு ‘என் ஊரு, என் ஊரு’ன்னு உருகினீங்க. பொறந்த ஊருக்கே திரும்பி வந்து ரெண்டு வருஷமாச்சு. இப்ப அந்த வீட்டை நெனச்சு அழறீங்களே, நாம இனிமே எந்த ஊருக்குத்தாங்க போறது?”